துறை இழந்த கால்வாய்

1882 மே மாதம் பிரம்மஞான சபையின் தலைவர்களான கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் சென்னையில் ஒரு வீட்டுப்படகு ஏறி நெல்லூருக்குப் புறப்பட்டார்கள். கடலோரத்துக்குச் சற்று உள்ளே, கரைக்கு இணையாக ஓடும் பக்கிங்காம் கால்வாய்தான் அவர்களுடைய பாதை. சென்னையிலிருந்து நெல்லூருக்கு நேர் ரயில் அப்போது கிடையாது. நெல்லூரில் சில நாள் தங்கிவிட்டு மறுபடியும் படகேறி, பெத்த கஞ்சம் வரை கால்வாயிலேயே போய், அங்கிருந்து பல்லக்கில் குண்டூர் சேர்ந்தார்கள். இந்தப் பயணத்தை ஆல்காட் தம் நினைவுக் குறிப்புகளில் விரிவாகவே எழுதியிருக்கிறார். திரும்பி வந்த அதே மாத இறுதியில் அடையாற்றின் தென்கரையிலிருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்தைப் பார்த்து, வாங்குவதென்று முடிவு செய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரம்மஞான சபையின் தலைமையகம் பம்பாயிலிருந்து அடையாற்றுக்கு வந்துவிட்டது.

ஒரு சர்வதேச அமைப்பின் தலைவர்கள் விரும்பிப் பயணம் செய்த நீர்வழி என்று இன்று யாரிடமாவது சொல்லி, திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்தின் கீழே ஓடுவதைக் காட்டினால் நம்பமாட்டார்கள். லஸ் முனையில் ராமகிருஷ்ண மடம் சாலையைக் கடக்கும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் ஒரு பாலத்தின் மேல் போகிறோம் என்பதே தெரியாது. மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்த இரண்டு நொடியில்தான் கால்வாய் அவர்கள் கவனத்துக்கு வருகிறது.

தெற்குப் பிரான்சில் இதைவிட நூறு ஆண்டுக்கும் மேல் மூத்த ஒரு கால்வாய் இருக்கிறது. துலூஸ் நகரத்திலிருந்து மத்தியதரைக் கடலோரத்து தோ என்னும் உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர் நீளும் மிதி கால்வாய். அதன் கரையில் ல சொமாய் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் திராட்சைத் தோட்டம். வளைந்த ஒற்றைக் கல்பாலம். பாலத்தை ஒட்டி ஒரு சிறு தேவாலயம். எதிரே பழைய சத்திரம். உலகெங்குமிருந்து மனிதர்கள் அங்கே போய்ப் படகில் தங்குகிறார்கள். இரண்டு கால்வாய்களுக்கும் வந்த சோதனை ஒன்றுதான்: ரயில் வந்தது, லாரி வந்தது, சரக்கு போய்விட்டது. அதன் பிறகு ஒன்று பிழைத்தது, மற்றது சாக்கடையானது. ஏன் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், அவர்கள் சுத்தக்காரர்கள், நாம் அப்படியில்லை என்பது. அந்தப் பதில் வரலாற்றுக்குப் பொருந்தாதது. கரையில் வாழ்ந்த ஏழைகள்மீது பழி போடுவதற்கு வசதியானதும்கூட. கரை யாருக்குச் சொந்தமாக இருந்தது என்று பார்த்தால்தான் உண்மையான காரணம் புலப்படும்.

சென்னைக் கால்வாயின் தொடக்கம் வடக்கே. கம்பெனி ஊழியராக வந்து, கடற்படைக்குச் சரக்கு வழங்கும் ஒப்பந்தத்தில் செல்வரான பேசில் காக்ரேன், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தம் பணத்தில் வெட்டிய கால்வாய் அது. 1806 வாக்கில் படகுகள் ஓடத் தொடங்கின. பழவேற்காடு வரை நீண்டது. 1837இல் அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கிலும் தெற்கிலும் துண்டு துண்டாக வளர்ந்தது. ஆனால் நகரத்துக்குள் ஒரு இடைவெளி இருந்தது. வடக்கிலிருந்து வந்த படகு கூவத்தோடு நின்றது. தெற்கிலிருந்து வந்தது அடையாற்றோடு நின்றது. நடுவே இருந்த சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், மந்தைவெளி வழியான சுமார் 7 கிலோமீட்டர், நிலமாகவே கிடந்தது.

அந்த 7 கிலோமீட்டரைத் தோண்டியவர்கள் பசித்தவர்கள். 1876இல் பருவமழை பொய்த்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் தென்னிந்தியா கண்ட தாது வருஷப் பஞ்சத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உள்மாவட்டங்களிலிருந்து சென்னையை நோக்கி ஜனங்கள் நடந்து வந்தார்கள். வில்லோபி ஹூப்பர் எடுத்த புகைப்படங்களில் விலா எலும்பு எண்ணும்படி உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபு தொடங்கிய பஞ்ச நிவாரண வேலைகளில் ஒன்றாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி 1877–78இல் வெட்டப்பட்டது. 1878இல் கால்வாய் முழுவதற்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

நிவாரண வேலையின் கூலி எவ்வளவு என்பது அன்று பெரிய சர்ச்சை. 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் சார்பில் பஞ்சப் பகுதிகளைப் பார்வையிட வந்த ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதோடு 1 அணா என்று வரையறுத்தார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ், மண் சுமக்கும் உடலுக்கு இது போதாது, இப்படிக் கொடுத்தால் வேலையிலேயே செத்துப்போவார்கள் என்று எழுத்து மூலம் எதிர்த்தார். சில மாதங்களுக்குப் பிறகு கூலி உயர்த்தப்பட்டது. மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டி எத்தனையோ தெருக்கள் இருக்கின்றன; அதை வெட்டியவர்களை நினைவுகூர ஒரு கல்லும் இல்லை. கவர்னர் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மிதி கால்வாயை வெட்டிய கதை இதற்கு எதிர்முனையில் இருக்கிறது. 1666இல் பதினான்காம் லூயி அனுமதி கொடுக்க, வேலையை எடுத்துச் செய்தவர் பியர்-பால் ரிக்கே. உப்பு வரி வசூலிக்கும் குத்தகையில் பணம் சேர்த்தவர், பொறியாளர் அல்லர். உச்சக் கட்டத்தில் சுமார் 12,000 பேர் வேலை செய்தார்கள். பெண்களும் கணிசமாக இருந்தார்கள். ஆட்கள் ஓடிப்போகாமல் இருக்க ரிக்கே மாதச் சம்பளம் கொடுத்தார். ஞாயிறு, பண்டிகை நாள், மழையால் வேலை நின்ற நாள், நோய்வாய்ப்பட்ட நாள் எல்லாவற்றுக்கும் கூலி உண்டு. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது அரிது. அரசாங்கம் பணம் தரத் தாமதித்தபோது சொந்தச் சொத்தை வைத்துக் கடன் வாங்கினார். 1680இல் இறந்தார், கால்வாய் திறக்கப்பட்டது 1681இல். உப்பு வரி என்ற கொடிய வரியிலிருந்து வந்த பணம் அது என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆனாலும் வெட்டுகிற நாளிலேயே அந்தக் கால்வாய் கரையோர ஜனங்களுக்கு ஒரு வருமானமாக அறிமுகமாயிற்று. நம்முடையது சாவுக்கும் சோற்றுக்கும் இடையே நின்ற ஒரு வேலையாக அறிமுகமாயிற்று.

பக்கிங்காம் கால்வாய் உருவான பின்னர் அதன் உழைப்பு சாதாரணமானதல்ல. பெத்த கஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். அதில் 163 கிலோமீட்டர் இன்றைய தமிழ்நாட்டில். வடக்கே கிருஷ்ணா, கோதாவரிப் பாசனக் கால்வாய்களோடு சேர்ந்து காக்கிநாடா வரை ஒரே நீர்வழி. தெற்கே கோவளம், கேளம்பாக்கம், மரக்காணம் உப்பளங்களின் உப்பு, கடற்கரை மணலில் வளர்ந்த சவுக்கு விறகு, சுண்ணாம்புக்கான சிப்பி, காய்கறி எல்லாம் படகில் வந்தன. சென்னை வீடுகளின் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் இந்தச் சவுக்கில்தான். பழைய வீடுகளின் சுவர்ப் பூச்சும் தரையும் இந்தச் சிப்பிச் சுண்ணாம்பில்தான். சவுக்குத் தோப்புகளை 1860களில் அரசாங்கம் விரிவாகப் போட்டது ரயில் எஞ்சினுக்கு விறகு வேண்டுமென்று. கால்வாயின் முக்கியச் சரக்கு, பிற்காலத்தில் அந்தக் கால்வாயையே வழக்கொழிக்கப்போகிற வண்டிக்காக வளர்க்கப்பட்ட மரம்.

படகு எப்படி ஓடியது என்று கொஞ்சம் பார்க்கலாம். அடி தட்டையான, நீண்ட படகு. காற்று வாகாக இருந்தால் பாய் கட்டுவார்கள். இல்லாவிட்டால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். கரை நெடுக இழுப்பவர் நடப்பதற்கென்றே ஒரு பாதை விடப்பட்டிருந்தது. கயிற்றைப் படகின் மூக்கில் கட்டினால் கரையிலுள்ள புதரில் மாட்டிக்கொள்ளும். பாய்மரத்தில் உயரக் கட்டுவார்கள். இழுக்கிற ஆள் கயிற்றைத் தோளில் போட்டு உடம்பை முன்னே சாய்த்து நடப்பார். கயிறு படகைக் கரைப்பக்கமே இழுக்கும் என்பதால், படகிலுள்ளவர் நீண்ட கழியைத் தரையில் ஊன்றி எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே வரவேண்டும். இருவர் விசையும் ஒத்துப்போனால்தான் படகு நேராகப் போகும். கடல் ஏற்ற இறக்கம் கால்வாய்க்குள்ளும் வரும். ஆற்றுச் சந்திப்புகளில் லாக் என்று சொல்லப்பட்ட இரட்டைக் கதவு மதகுகள் இருந்தன. படகு உள்ளே நுழைந்ததும் பின்கதவை மூடி, முன்பக்க நீர்மட்டத்துக்குச் சமமாகும் வரை காத்திருந்து, முன்கதவைத் திறப்பார்கள். அந்தக் காத்திருப்பில்தான் சமையல், தூக்கம், பேரம், வம்பு எல்லாம் நடக்கும்.

1934 நவம்பரில் பாரதிதாசன் குத்தூசி குருசாமி முதலிய நண்பர்களோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு இந்தக் கால்வாயில் படகில் போனார். ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதை அப்படிப் பிறந்தது. மாலைப் பொழுதின் களிப்பில் தொடங்கும் அந்தக் கவிதை, படகுக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துப்போகிற மனிதரைக் கண்டதும் வலியாக மாறுகிறது. கால்வாயின் அழகையும் அதன் கூலியையும் ஒரே பயணத்தில் பார்த்த இன்னொருவர் தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வரலாற்றுச் சான்றாகவும் அதை எடுத்துக்கொள்ளலாம்: 1934இல் நகரத்திலிருந்து உல்லாசமாகப் படகில் மாமல்லபுரம் போவது நடக்கக்கூடிய காரியமாக இருந்தது, நீர் நாறியிருந்தால் அத்தனை நண்பர்கள் இரவு நேரத்தில் அதில் மிதந்திருக்கமாட்டார்கள்.

இனி மயிலாப்பூர். லஸ் பக்கத்தில் ராயப்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டித் தண்ணித்துறை மார்க்கெட் இருக்கிறது. வாழைஇலைக் கட்டுகளும் கீரைக்கட்டுகளும் குவிந்த பழைய காய்கறிச் சந்தை. பண்டிகைக்கு முதல் நாள் மாவிலைக்கும் கரும்புக்கும் தோரணத்துக்கும் மயிலாப்பூர் முழுவதும் அங்கே கூடும். கால்வாயில் படகு வந்து சரக்கு இறக்கிய துறையை நம்பி வளர்ந்த சந்தை அது. படகு நின்று பல பத்தாண்டுகள் ஆகியும், லாரியில் வரும் காயை விற்றுக்கொண்டு பெயரை மட்டும் காத்துவருகிறது. அந்தச் சந்தையில் நிற்கும் ஒருவருக்குப் பக்கத்திலேயே கால்வாய் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இறங்கிப் போக வழி கிடையாது.

இதை ல சொமாயோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். அங்கே ஊரே துறைதான். துலூஸிலிருந்து கிளம்பும் பயணிகள் படகு நாலு நாள் ஓடும்; மதிய உணவுக்கு ஓர் இடம், இரவுத் தூக்கத்துக்கு ஓர் இடம் என்று நிறுத்தங்கள் நிர்ணயிக்கப்பட்டிருந்தன. ல சொமாய் இரவு நிறுத்தம். பயணிகளுக்காகச் சத்திரம், பூசைக்காகத் தேவாலயம், உணவு கெடாமலிருக்கப் பனிக்கட்டிக் கிடங்கு. நிர்வாகப்படி பார்த்தால் அது தனி ஊர்கூட இல்லை. மூன்று ஊர்களின் எல்லை சந்திக்கும் இடம். தண்ணீரும் படகும் சேர்த்து உண்டாக்கிய குடியிருப்பு. 19ஆம் நூற்றாண்டில் லாங்தோக் பகுதி முழுக்கத் திராட்சையாக மாறியபோது, ஒயின் பீப்பாய்கள் கால்வாய்த் துறைகளில் ஏற்றப்பட்டன. பக்கத்து வாந்தனாக் ஊரில் ஒயின் கிடங்கே தண்ணீரோரம் எழுந்து நிற்கிறது.

பிறகு ரயில் வந்தது. போர்தோவிலிருந்து சேத் துறைமுகம் வரை 1857இல் இருப்புப்பாதை முழுமையடைந்தது. மறு ஆண்டே அந்த ரயில் கம்பெனி கால்வாயையே 40 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. போட்டியாளரின் கையில் சாவி கிடைத்தால் என்ன நடக்குமோ அது நடந்தது: சுங்கத்தை உயர்த்தி, பராமரிப்பைக் குறைத்து, சரக்கை ரயிலுக்குத் திருப்பினார்கள். 1898இல் குத்தகை முடிந்து அரசு திரும்பப் பெற்றுச் சுங்கத்தையும் நீக்கியபோது காலம் கடந்துவிட்டிருந்தது. ஒயின் ஏற்றிய மோட்டார்ப் படகுகள் மட்டும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை ஓடிக்கொண்டிருந்தன.

அந்த மெதுவான சாவின் நடுவே கிராமங்கள் எழுந்து நின்ற விதம்தான் நமக்குப் பாடம். 1907இல் ஒயின் விலை தரைமட்டமாயிற்று. அளவுக்கு மீறிய விளைச்சல் ஒருபுறம். சர்க்கரையும் தண்ணீரும் கலந்த போலி ஒயின் மறுபுறம். ல சொமாய்க்கு அருகே, அதே கால்வாய்ப் பகுதியிலுள்ள அர்ஜெலியே கிராமத்தில் காப்பிக் கடை நடத்திய சிறு விவசாயி மார்சலின் அல்பேர் தலைமையில் மார்ச் 11 அன்று 87 பேர் நார்போன் நகரத்துக்கு நடந்தார்கள். மூன்றே மாதத்தில், ஜூன் 9 அன்று, மோன்பெலியேவில் இலட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நார்போனில் படை சுட்டது. உயிர்ச் சேதம் ஏற்பட்டது. போராட்டக்காரர்கள்மீது ஏவப்படக்கூடிய நிலையில் இருந்த ஒரு படைப்பிரிவு, தங்கள் சொந்த ஊர்க்காரர்களைச் சுடமாட்டோம் என்று கலகம் செய்தது. ஜூன் முடிவதற்குள் கலப்பட ஒயினுக்கு எதிரான சட்டம் வந்தது. தொடர்ந்து ஊருக்கு ஊர் கூட்டுறவு ஒயின் ஆலைகள் எழுந்தன.

கால்வாய்க்காக நடந்த போராட்டம் இல்லை இது. ஆனால் கால்வாயோரத்து மனிதர்களிடம் நிலப் பட்டா இருந்தது, விளைச்சல் இருந்தது, வாக்கு இருந்தது, சங்கம் இருந்தது என்பதை அது காட்டியது. சரக்குப் படகுகள் நின்று, 1970களையொட்டி வாடகை உல்லாசப் படகுகள் வரத் தொடங்கியபோது, வரவேற்கத் துறையும் வீடும் சத்திரமும் உரிமையாளரும் அப்படியே இருந்தார்கள். ஒயின் கிடங்கு ஒன்று பழைய புத்தகக் கடையாயிற்று. 1996இல் யுனெஸ்கோ கால்வாயை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே எல்லாம் நலமே என்று சொல்ல வரவில்லை. கரை நெடுக நிழல் தந்த 42,000 பிளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் அழித்துவருகிறது. பல்லாயிரம் மரங்களை வெட்டி எரித்து, வேறு வகை நட்டு வருகிறார்கள். உல்லாசப் படகுகளின் கழிவுநீரும் பிரச்சினைதான். ஆனால் அவை பேசப்படுகின்றன, ஏனென்றால் பேசுவதற்குக் கரையில் ஆள் இருக்கிறார்கள்.

நம் கால்வாய் விழுந்த வரிசையைப் பார்ப்போம். முதல் அடி கடற்கரையில் விழுந்தது. சென்னைத் துறைமுகச் சுவர்கள் 1870களின் நடுவில் எழத் தொடங்கின. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. சுவர் அதைத் தடுக்க, தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. கூவத்தின் முகத்துவாரம் அடைபடுவது நிரந்தரத் தொல்லையாயிற்று. அடையாற்று முகமும் கோடையில் மணல் திட்டால் மூடிக்கொள்ளும். மிதி கால்வாய்க்கு மலையடிவாரத்தில் சேன் ஃபெரியோல் அணை கட்டி நீர் சேமித்தார் ரிக்கே. பக்கிங்காம் கால்வாய்க்கு அப்படி அணை கிடையாது. கடல்தான் அதன் அணை. முகத்துவாரம் அடைபட்டால் ஏற்றமும் இறக்கமும் நிற்கும், நீர் தேங்கும். தேங்கிய நீரில் எது கலந்தாலும் அங்கேயே கிடக்கும்.

இரண்டாவது, 1899இல் விஜயவாடா வரை ரயில் முடிந்து வடபகுதிச் சரக்கு போயிற்று. தெற்கே ரயில் இல்லாததால் உப்பும் விறகும் இன்னும் அரை நூற்றாண்டு படகில் வந்தன. பிறகு லாரி அவற்றை எடுத்துக்கொண்டது. 1965, 1966 புயல்களில் கரைகள் உடைந்து, மண் சரிந்து, நீர்வழி சிதைந்தது. செப்பனிடச் சொல்லிக் கேட்க வணிகர்களும் இல்லை. நகரம் பெருத்துக்கொண்டிருந்தது, கழிவுநீர்க் குழாய்களின் கொள்ளளவு பெருகவில்லை, மீதி கால்வாயில் விழுந்தது. 1920களில் மயிலாப்பூர் ஏரியின் நீரை வடித்துத் தியாகராய நகரைக் கட்டிய ஊர் இது. தண்ணீர் கிடந்த இடத்தைக் காலி மனையாகப் பார்க்கும் பழக்கம் புதிதல்ல.

கடைசி அடி பறக்கும் ரயில். நகர நடுவே நிலம் கையகப்படுத்தாமல் பாதை போடவேண்டும். அரசு கையில் இருந்த ஒரே நீளமான நிலம் கால்வாய். தூண்கள் நீரிலும் கரையிலும் இறங்கின. கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995இலும் மயிலாப்பூர் வரை 1997இலும் திருவான்மியூர் வரை 2004இலும் ரயில் ஓடத் தொடங்கியது. கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில், திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை, கோட்டூர்புரம் என்று நிலையங்களின் வரிசையைச் சொன்னாலே கால்வாயின் வழியைச் சொன்னதாகிவிடும். பொதுப் போக்குவரத்து வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. அந்த ரயிலை நம்பி வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். ஆனால் ஒரு நீர்வழியைத் தூண் நடும் இடமாக்க முடிவு செய்தபோது அதைத் தடுத்துக் கேட்க, கரையில் உரிமை உள்ள ஒருவர்கூட இல்லை.

என் வாதத்தின் அச்சு இதுதான். கரை முழுவதும் அரசுப் புறம்போக்கு. படகு இழுத்தவர், சுமை இறக்கியவர், மீன் பிடித்தவர், பிறகு வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் நகரத்துக்கு வந்தவர் எல்லோரும் குடிசை போட்டுக்கொள்ள முடிந்த இடம் அது. தலைமுறைகள் வாழ்ந்தும் பட்டா வராது. பட்டா இல்லாதவர் தன் வாசலில் ஓடும் நீர் நாறுகிறது என்று புகார் செய்தால், அதிகாரியின் பதில் நீ ஏன் அங்கே இருக்கிறாய் என்பதாகவே இருக்கும். லாங்தோக் விவசாயிக்குக் கால்வாய் தன் தோட்டத்தின் எல்லை. மயிலாப்பூர்க் கால்வாயோரத்துக் குடும்பத்துக்கு அது தன்மீதான வழக்கின் எல்லை. சொந்த வீடு வைத்திருந்தவர்களோ கால்வாய்க்குப் புறமுதுகு காட்டிக் கட்டினார்கள்: பின்சுவர், கழிவுக் குழாய், அவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் தண்ணீரை நோக்கி வாசல் வைத்தவர் இல்லாமல் போனார்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே எழுந்த மறுகுடியமர்வு அடுக்குகளில் நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்கள் பெரும்பங்கினர். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகள் இடிக்கப்பட்டபோது, அங்கே வாழ்ந்த ஒரு முதியவர் தீக்குளித்து இறந்தார். மயிலாப்பூரில் வேலை, மயிலாப்பூரில் பிள்ளைகளின் பள்ளி. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் வீடு என்றால் வாழ்க்கையே கலைந்துபோகும். வீடுகள் போனால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. நகரத்துக் கழிவுநீரில் அந்தக் குடிசைகளின் பங்கு சிறிது; பெரிய குழாய்கள் வருவது பின்சுவர் காட்டும் கட்டடங்களிலிருந்து.

கால்வாய் செத்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது என்பதும் உண்மை. பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும் வெள்ளம் ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. தென்சென்னையின் புதிய குடியிருப்புகள் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் இந்த ஒரே வடிகாலை நம்பித்தான் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி நீரைக் கால்வாய் உள்வாங்கிப் பிறகு வடியவிட்டதால் ஆந்திரக் கடற்கரையிலும் சென்னை வட்டாரத்திலும் பல உயிர்கள் தப்பின என்று புவியியல் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோவளத்தை அடுத்த முட்டுக்காட்டில் சுற்றுலாக் கழகத்தின் படகுகள் இன்றும் ஓடுகின்றன. ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தால், தண்ணீரில் போக சென்னைக்காரர்களுக்கு ஆசை இல்லை என்று யாரும் சொல்லமுடியாது. 2008இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்தக் கால்வாய் 4ஆவது தேசிய நீர்வழியின் பகுதியாக அறிவிக்கப்பட்டது. காகிதத்தில் காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரிக்குப் படகு போகும். மயிலாப்பூரில் அது தூண்களுக்கு நடுவே புகுந்து போகவேண்டும்.

நடுப்பகுதியில் சரக்குப் படகு திரும்ப வராது. அதை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. ஆனால் தெற்கே, கோட்டூர்புரத்துக்கு அப்பால், ஒக்கியம் மடுவு வரையிலும் அங்கிருந்து முட்டுக்காடு வரையிலும் தண்ணீர் விரிந்து கிடக்கிறது. அங்கே முதலில் செய்யவேண்டியது கழிவுநீர்க் குழாய்களைச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைப்பது. அடுத்து முகத்துவாரத்தை ஆண்டு முழுவதும் திறந்து வைப்பது. மூன்றாவதாக, கரையில் ஜனங்கள் இறங்கிவரப் படித்துறைகள் கட்டுவது. வழக்கமான திட்டங்கள் மூன்றாவதில் தொடங்கி, வேலியும் நடைபாதையும் வண்ண விளக்கும் போட்டு அதோடு நின்றுவிடுகின்றன. வேலி போட்ட கரைக்குள் யாரும் இறங்குவதில்லை. யாரும் இறங்காத தண்ணீரில் என்ன விழுகிறது என்று யாருக்கும் தெரிவதில்லை. மத்தியப் பகுதியில், தண்ணித்துறை மார்க்கெட் போன்ற இடங்களில், கரையோரக் குடும்பங்களுக்கு அந்த வட்டாரத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்து, அதன் வாசலைக் கால்வாய்ப் பக்கம் வைக்கவேண்டும். மந்தைவெளியிலும் மயிலாப்பூரிலும் அரசு நிலங்கள் இருக்கின்றன; 2022இல் இடிப்புக்குப் பிறகு அந்த வட்டாரத்திலேயே வீடு தருவது பற்றிச் சட்டமன்றத்தில் பேசப்பட்டது. அந்தப் பேச்சு கால்வாய்க் கரை முழுவதற்குமான கொள்கையாகவேண்டும். அப்படி வருகிற வீடுகளின் ஒதுக்கீட்டு ஆணை பெண்கள் பெயரில் இருக்கவேண்டும். கால்வாய்ப் பராமரிப்புக் குழுவில் அவர்களுக்கு வாக்கு இருக்கவேண்டும். நீர்வளத் துறை, மாநகராட்சி, குடிநீர் வாரியம், ரயில்வே ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குழுவின் முன் வந்து கணக்குச் சொல்லவேண்டும்.